தங்காத பிள்ளைகள்

நம் தோட்டப்புறங்களில் மூதாட்டி ஒருத்தியைக் கண்டு, "பாட்டி, உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை?" என்று வினவினால், விடை பெரும்பாலும் இவ்வாறிருக்கும்: "பெத்தது ஏழு, தங்கினது நாலு." இதைக் கேட்டு நாம் தலையசைத்துவிட்டு அப்பாற் செல்கின்றோம். அதிலுள்ள சொல்லை நின்று நோக்குவார் இலர். தங்குதல் என்பது விருந்தினர் செய்யுந் தொழில். வந்தவர் விரும்பினால் தங்குவர்; விரும்பாவிடிற் போவர். போனவரை எண்ணி வருந்தலாமேயன்றி வீட்டாரைக் குறை கூறுதற்கு இடமில்லை. பிறந்து ஏழெட்டு நாளில் மாண்ட மகவு தானே வந்து தானே எழுந்து போய்விட்டதாக நம் வழக்கு ஒரு சொல்லை ஆக்கி வைத்திருக்கிறது. அஃது இரக்கத்தாற் பிறந்த சொல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது மெய்தானா?

இக்கேள்வி நாமே இருந்து எண்ணிக் கண்டதன்று. சென்ற ஆண்டு பேராக்கிலுள்ள ஒரு தோட்டத்தின் கோவில் மண்டபத்தில் இளந்தாய்மார்களுக்கென ஒரு கூட்டம் நடந்தது. தாதியாயிருந்து ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர், பிறந்த குழவியை முதல் இருபத்தெட்டு நாட்கள் காப்பது எங்ஙனம் என்று விளக்கினார். தொப்புட்கொடியைப் பற்றிப் பேசுங்கால், அழுக்குக் கத்தியால் அதை அறுத்ததும், அறுத்த இடத்திற் சாணச் சாம்பலை அப்பியதும் முற்காலத்தில் எத்தனையோ குழந்தைகளை ஏழாம் நாள், எட்டாம் நாள் ஜன்னிக்கு இரையாக்கின என்றார். பின்வரிசையிற் சுவரிற் சாய்ந்து ஒரு கிழவி அமர்ந்திருந்தாள். வயது எண்பத்தைந்துக்கு மேலிருக்கும். பேச்சு முடிந்ததும் எழுந்தாள்.

"ஏம்மா, எனக்கு மூணு புள்ள அப்படித்தான் போச்சு. ஏழாம் நாளு வாய் கட்டிக்கிட்டுப் பால் குடிக்கல. சாம்பல் வச்சது நாந்தான். அப்போ எம் புள்ளைங்கள நானேதான் கொன்னுட்டேனா?"

தாதியார் வாய் திறக்கவில்லை. தலைமை வகித்த நாமும் திறக்கவில்லை. யாரோ ஒருவர், "அதெல்லாம் அந்தக் காலம் பாட்டி, விதி" என்று சொல்லி அவளை உட்கார வைத்தார். விதியென்னுஞ் சொல்லை மேடைதோறும் மறுத்துப் பேசிவரும் கூட்டத்தைச் சேர்ந்த நாம், அன்று அதனை மறுக்காமல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். அவ்வெட்கமே இக்கட்டுரையை எழுதுவிக்கிறது.

முதலில், அம்மூன்று குழந்தைகளையும் கொண்டு போனது யாது என்பதைக் காண்போம். மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் ஒரு நுண்கிருமியின் வித்து உறங்கிக் கிடக்கிறது. காற்றுப் புகாத புண் கிடைத்தால் அது விழித்தெழுந்து ஒரு நஞ்சைக் கக்கும். அந்நஞ்சு நரம்புகளைப் பற்றித் தசைகளை இறுக்கிவிடும். அறுபட்ட தொப்புட்கொடி இதற்கு ஏற்ற வாயில். குழந்தை முதல் இரண்டொரு நாள் நன்றாகப் பால் குடிக்கும். பின் தாடை இறுகும். சிறு ஓசைக்கும் வெளிச்சத்துக்கும் உடல் வில்லாய் வளையும். ஒரு வாரம் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். இதனைத் தோஷமென்றனர், பேய் என்றனர், புள் விழுந்தது என்றனர். 1889ஆம் ஆண்டிலேயே கிடசாட்டோ என்னும் ஜப்பானிய அறிஞர் இக்கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டினார். அடுத்த ஆண்டே நஞ்சை முறிக்கும் பொருள் இரத்தத்தில் உண்டாகும் முறையை அவரும் பேரிங் என்பவரும் வெளியிட்டனர். பின்னர் வந்த தடுப்பூசியைக் கருவுற்ற தாய்க்குப் போட்டால், அவளுடம்பில் உண்டாகுங் காப்பு கொடிவழியே பிள்ளைக்கும் சென்று சேர்கிறது. ஊசியில்லாவிடினும், கொதிக்க வைத்த கத்தியும் கழுவிய கையும் போதும். அறுத்த இடத்தில் ஒன்றையும் பூசாதிருத்தல் போதும். ஒன்றையுஞ் செய்யாதிருப்பதே வைத்தியமாகும் இடங்களும் உலகில் உண்டு.

இனி, கைகழுவுதல் என்னும் இவ்வெளிய செயலின் வரலாறு நம் கற்றோர் செருக்கை அடக்க வல்லது. 1847ஆம் ஆண்டில் வியன்னா நகரப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. ஒன்றிற் டாக்டர்களும் மாணவர்களும், மற்றொன்றில் மருத்துவச்சிகளும் பணி செய்தனர். டாக்டர்கள் இருந்த பகுதியிலேயே தாய்மார் மிகுதியாக மாண்டனர். செம்மல்வைஸ் என்பவர், பிணத்தை அறுத்துச் சோதித்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்ப்பதே காரணமென்று கண்டு, சுண்ணக் கரைசலிற் கைகழுவச் செய்தார். சாவு சடுதியிற் குறைந்தது. ஆயினும் பெரியோர் பலர் அவரை ஏற்கவில்லை. தங்கள் கையே கொன்றது என்று ஒப்ப மனம் வரவில்லை போலும். அன்று அவ்வைத்தியப் பெருமக்கள் கேட்க அஞ்சிய கேள்வியை, எழுதப் படிக்கத் தெரியாத நம் தோட்டத்துக் கிழவி எழுந்து நின்று கேட்டாள் என்பதை வாசகர்கள் கருத வேண்டும்.

மருத்துவச்சி என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. பிள்ளை பிறக்கும் அறையைத் தீட்டு என்று ஒதுக்கினோம். வீட்டின் மூலையிலே, காற்றும் ஒளியும் புகாத இடத்திலே, பழந்துணியிலே அதனை நடத்தினோம். அங்கே புகுந்து குருதியில் கைவைத்துத் தாயையும் சேயையும் காத்தவளைத் தாழ்ந்த சாதியென்று திண்ணைக்கு வெளியே நிறுத்தினோம். உலகில் மிகப் பொறுப்பான தொழிலை மிகவும் இழிந்ததென்று முத்திரை குத்தியபின், அத்தொழில் செய்வாளுக்குக் கல்வியும் சோப்பும் சுடுதண்ணீரும் எங்கிருந்து வரும்? தீட்டு என்று நாம் அஞ்சியது குருதியை. உண்மையில் அஞ்சவேண்டியிருந்ததோ சாணத்தை. அச்சாணத்தையோ புனிதமென்று நெற்றிக்குக் கொண்டோம்!

பால் விஷயத்தில் நம் அறியாமை இன்னும் நகைப்புக்கிடமானது. பசு கன்று ஈன்றால் அதன் சீம்பாலை அண்டை வீட்டாருக்கும் பங்கிட்டு, சர்க்கரையிட்டுக் காய்ச்சி உண்டு மகிழ்கிறோம். தாய்க்கு முதலிற் சுரக்கும் மஞ்சள் நிறப் பாலையோ கெட்டதென்று பீச்சி எறிந்த வீடுகள் எத்தனை! கன்றுக்குரிய சீம்பாலை மனிதன் குடிக்க, மனிதக் கன்றுக்குரியதை மண் குடித்தது. அம்முதற்பாலில் நோயெதிர்க்கும் பொருள்கள் செறிந்துள்ளன. பிறந்த ஒரு மணிக்குள் குழந்தையை மார்பில் அணைத்து அதைக் கொடுத்தல் வேண்டும் என்பது இன்றைய வைத்தியத்தின் துணிபு. சேனைத் தண்ணீர் என்று சர்க்கரை நீரையும் தேனையும் பெரியவர் கையால் முதலில் தீற்றும் வழக்கமும் உண்டு. அப்பெரியவரின் நற்குணம் குழந்தைக்கு வருமாம். குணம் வருகிறதோ இல்லையோ, விரலிலுள்ள கிருமி வருகிறது. தேனிலோ பச்சிளங் குழவியை முடக்கவல்ல வேறொரு கிருமியின் வித்து இருத்தலுங் கூடும்.

இவ்வளவும் சொல்லி, "தோட்டத்துப் பெண்களின் மூடத்தனமே காரணம்" என்று முடித்து மேடையை விட்டிறங்குவது நமக்கு எளிது. பலமுறை அவ்வாறே செய்தோம். ஆனால் நீதி அத்துணை எளிதன்று. பெரட்டுக்கு இருளிலேயே போய் நிற்க வேண்டியவள் எந்நேரம் பால் கொடுப்பாள்? பிள்ளை ஆயாக் கொட்டகையில் ஏணையிற் கிடக்கும். தாய் காட்டில் மரம் சீவுவாள். நடுவே டின் பால் வந்து புகும். 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்திலே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார், "பாலும் கொலையும்" என்னும் பொருள்பட ஒரு சொற்பொழிவாற்றினார். இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தைக்கு உகந்ததென்று விளம்பரஞ் செய்து விற்பது கொலையேயாகும் என்று, செல்வர் நிறைந்த அச்சபையில் அஞ்சாது கூறினார். அவர் தாயைக் குற்றவாளியாக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விற்றவனை நோக்கி விரல் நீட்டினார்.

அவ்விரல் நமக்கு ஒரு வழியைக் காட்டுகிறது. காரணம் வேறு, குற்றம் வேறு. சாம்பலை வைத்தது கிழவியின் கை; ஆதலின் சாவுக்கான காரணச் சங்கிலியில் அவள் கையும் ஒரு கண்ணி. இதை மறுத்தல் பொய். ஆனால் குற்றம் என்பது அறிவும் ஆற்றலும் கூடிய இடத்திலேதான் குடியேறும். அவள் பிள்ளை பெற்றது 1950களில். கிருமியைக் கண்டுபிடித்து அறுபதாண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. அச்செய்தி நூலில் இருந்தது, டாக்டரிடம் இருந்தது, அரசாங்கத்திடம் இருந்தது, தோட்டத்தை ஆண்ட துரைமாரிடமும் இருந்திருக்கும். லயத்துக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. ரப்பர் பால் லயத்திலிருந்து லண்டனுக்குப் போக வழி இருந்தது. ஒரு கொதித்த கத்தியின் செய்தி லண்டனிலிருந்து லயத்துக்கு வர வழியில்லை. கற்ற தமிழர் நாமும் அன்று பத்திரிகை நடத்திக்கொண்டுதான் இருந்தோம். கோவில் நுழைவையும் கலப்பு மணத்தையும் பற்றி எழுதியதில் பத்திலொரு பங்கு தொப்புட்கொடியைப் பற்றி எழுதினோமா? ஆண்கள் நடத்திய சீர்திருத்தத்துக்குப் பிரசவ அறை கண்ணிற் படவில்லை.

விதியென்னுஞ் சொல் ஒரே வேளையில் இரண்டு வேலை செய்கிறது. தாயின் நெஞ்சிலிருந்து ஒரு கல்லை எடுக்கிறது, அது தயை. அதே கையால், வல்லவர் தோளிலிருந்தும் ஒரு சுமையை இறக்கிவிடுகிறது; அஃது அநீதி. நாம் மேடையில் விதியை மறுக்கும்போது இரண்டாவதை நோக்கி மறுக்கிறோம். முதலாவதிற் போய் அடி விழுகிறது. அன்று மண்டபத்தில் நேர்ந்தது இதுவே.

நிற்க. "இறக்கும் பிள்ளை வலுவற்றது, வலுவற்றதை இயற்கை களைகிறது, களைவதால் இனம் வலுப்பெறும்" என்று விதிக்குப் பதிலாக இயற்கையை நிறுத்திப் பேசும் படித்தவர்களும் உளர். இது வேட்டி மாற்றிக் காற்சட்டை போட்ட விதியேயன்றி வேறில்லை. ஜன்னியிலிறந்த குழந்தை வலுவற்றதன்று. ஏழு நாள் நன்றாகப் பால் குடித்தது. குறைமாதத்திற் பிறந்தது வலுவற்றதென்றே கொண்டாலும், அதற்குத் தேவைப்படுவது யாது? பெரும்பாலும் வெம்மை. பிறந்த குழவி நனைந்திருக்கும். தோலுக்கடியிற் கொழுப்பு குறைவு. எடையை நோக்க உடற்பரப்பு அதிகம். நம்மைப்போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்கு இயலாது. உடனே துடைத்து, தாயின் வெறும் மார்பில் கிடத்தி, மேலே துணியாற் போர்த்தித் தலையையும் மூடினால் அவளுடம்பே அடுப்பாகிறது. குளிப்பாட்டுதல் மறுநாளைக்குப் பொறுக்கும். கொலம்பியா நாட்டு பொகோட்டா நகரில், கருவிகள் போதாத ஆஸ்பத்திரியொன்றில், 1978ஆம் ஆண்டில் டாக்டர் எட்கர் ரே என்பவர் வேறு வழியின்றி இம்முறையைக் கைக்கொண்டார். கங்காரு தன் குட்டியைப் பையிற் சுமப்பதுபோன்றதாகலின் அப்பெயரே நிலைத்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, டான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், ஒரு கிலோவுக்கு மேலும் 1.8 கிலோவுக்குக் கீழுமாகப் பிறந்த குழந்தைகளிடையே நடந்த சோதனையின் முடிவு 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிறந்தவுடனே தாயின் மார்பிற் சேர்த்த குழந்தைகளில் நூற்றுக்கு 12 பேரும், நிலைமை தேறிய பின்னரே சேர்த்தவற்றில் 15.7 பேரும் ஒரு மாதத்துக்குள் மாண்டனர். நன்மை தெளிவானதால் சோதனையை முன்கூட்டியே நிறுத்தினர். இயற்கை களைந்ததாகச் சொல்லப்பட்ட உயிர்களிற் பல, மார்புச்சூடு கிடைக்காமற் போனவை.

மகாராஷ்டிர மாநிலத்துக் கட்சிரோலியில் டாக்டர் அபய் பாங், ராணி பாங் தம்பதியர் செய்ததையும் நம் வாசகர்கள் அறிய வேண்டும். அங்கே 39 சிற்றூர்களில், சிறிதளவே படித்த கிராமப் பெண்களைத் தெரிந்து, குழந்தையை நிறுக்கவும், மூச்சு வராத பிள்ளைக்குக் காற்றூட்டவும், நஞ்சு பரவிய பிள்ளைக்கு ஊசி மருந்திடவும், வீடு வீடாகச் சென்று பார்க்கவும் பழக்கினர். 1995ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்வேலையின் பயன் 1999இல் வெளியாயிற்று. முதல் இருபத்தெட்டு நாட்களின் சாவு, வேலை நடவாத அண்டையூர்களோடு ஒப்பிட, நூற்றுக்கு 62 பங்கு குறைந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரி கட்டவில்லை. மருத்துவச்சியின் பேத்தியைத் திண்ணையிலிருந்து உள்ளே அழைத்துப் பாடஞ் சொல்லிக் கொடுத்ததற்கு ஒப்பான வேலையே அது.

அறிவு இவ்வளவு மலிவாய் இருக்கவும், 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 23 இலட்சம் குழந்தைகள் பிறந்த மாதத்திலேயே மாண்டன. அவற்றுட் பெரும்பாலானவை முதல் வாரத்தில். இத்தொகையைச் சொல்லும்போது மனம் அசைவதில்லை. மூன்று என்று அக்கிழவி சொன்னபோது அசைந்தது. ஏன்? பெயரிடப்படாத உயிரை நாம் இன்னும் முழு ஆளாக எண்ணிப் பழகவில்லை என்றே தோன்றுகிறது. தொட்டிலிட்டுப் பேர் வைக்குமுன் போனால் சடங்கில்லை, கணக்கில்லை. முன்னைப் பிள்ளைகளை இழந்தவள் அடுத்ததைக் குப்பையிற் புரட்டியெடுத்துக் குப்பன் என்றும், பிறரிடம் பிச்சையாய்ப் பெற்றதாகப் பாவித்துப் பிச்சை என்றும் அழைத்தாள். எமனை ஏமாற்ற இட்ட பெயர்கள்! அவற்றைக் கேட்டு நகைக்க நம் நாவெழவில்லை. வெந்நீரும் தாதியும் கிடையாதவளுக்குப் பெயரொன்றே ஆயுதம்.

ஆனால் தமிழன் எக்காலத்தும் இப்படியே எண்ணினான் என்பதற்கில்லை. அரச மரபில், குழவி இறந்தே பிறந்தாலும் அதனை ஆள் அன்று என்று தள்ளாமல், வீரனுக்குரிய முறையில் வாளாற் கீறிப் புதைத்தனர் என்பது புறநானூற்றின் எழுபத்து நான்காம் பாட்டால் அறியக் கிடக்கிறது. வாளாற் கீறும் வழக்கத்தை நாம் போற்றவில்லை. அதன் அடியிலிருந்த எண்ணத்தைப் போற்றுகிறோம். மூச்சே விடாததையும் ஆள் என்று கணக்கிட்டனர். ஆள் என்று கணக்கிட்டால், அதற்குச் செய்வது தருமம் என்னும் நிலைமாறிக் கடன் ஆகிவிடும். தருமம் கொடுப்பவன் விருப்பம். கடனோ கேட்பவன் உரிமை. குழந்தை வாய்திறந்து கேட்கவில்லையே எனின், கேட்க இயலாதவனுக்குப் பட்ட கடனன்றோ முதலில் தீர்க்கத்தக்கது?

இந்நாடு இக்கடனைப் பெரிதும் தீர்த்திருக்கிறது என்பதை மறைத்தல் நன்றிகொன்ற செயலாகும். 1957ஆம் ஆண்டில் மலாயாவிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 75 ஓராண்டு நிறையுமுன் இறந்தன. இப்போது பத்துக்கும் குறைவு. கிராமந்தோறும் மருத்துவச்சி நிலையங்கள் எழுந்தன. தாதியர் வீடு தேடி வந்து மஞ்சட்காமாலை பார்க்கின்றனர். சிங்கப்பூரிலோ, சில குழந்தைகளின் இரத்தத்தில் ஒரு நொதிப் பொருள் குறைந்திருப்பதால் அந்துருண்டை நெடிகூடக் காமாலையை முற்றச் செய்து மூளையைக் கெடுக்கும் என்று கண்டு, 1965 முதற்கொண்டு கொடி இரத்தத்தைச் சோதித்து வருகின்றனர். அந்துருண்டையிட்ட பெட்டியிலிருந்து எடுத்த துணியைப் பிள்ளைக்கு உடுத்தலாகாது என்பதை நம் இல்லங்களில் இன்றும் அறியாதார் உளர். அறிந்தோர் அவர்க்குச் சொல்க.

இவ்வெண்ணங்களையெல்லாம் மனத்திற் சேர்த்துக்கொண்டு, சென்ற மாதம் அக்கிழவியைத் தேடி மறுபடியும் அத்தோட்டத்துக்குச் சென்றோம். அங்கே நம்மவர் குடும்பங்கள் நாலைந்தே எஞ்சியுள்ளன. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களில் இந்தோனேசியரும் வங்காள தேசத்தாரும் இருக்கின்றனர். அவள் வாசலில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். நாம் சொல்லவேண்டியதைச் சொன்னோம். "பாட்டி, கை உங்களுதுதான், குத்தம் உங்களுது இல்ல. தெரிஞ்சவங்க உங்ககிட்ட வந்து சொல்லல. குத்தம் அவங்களுது. அதுல எங்களுக்கும் பங்கு இருக்கு."

அவள் நெடுநேரம் இடித்துக்கொண்டே இருந்தாள். "விதின்னு சொன்னப்ப மனசு ஆறல ஐயா. இப்பவும் ஆறல. ஆனா இது கேக்கறதுக்குப் பரவாயில்ல" என்றாள். பின்னர், கையுலக்கையால் அடுத்த வீட்டைச் சுட்டிக் காட்டினாள். "அந்த ஜாவாக்காரப் புள்ளைக்கு எட்டாம் மாசம். கையில பேப்பர் இல்லையாம். ஆஸ்பத்திரிக்குப் போனா புடிச்சுக்குவாங்க, காசும் எக்கச்சக்கமா கேப்பாங்கன்னு பயந்துகிட்டு வீட்லயே பெத்துக்கறேன்னு சொல்லுது. தெரிஞ்சவங்க வந்து சொல்லலன்னீங்களே. இப்ப நீங்க வந்துருக்கீங்க. அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இந்நாட்டுக் குடிகளல்லாதார்க்குக் கட்டணம் பன்மடங்கு என்பதும், பத்திரமில்லாதவர் பிடிபட நேரும் என்பதும் மெய்யே. ஒரு காலத்திற் கப்பலில் வந்திறங்கிய நம் பாட்டிமார் எந்த லயத்திற் படுத்துப் பிள்ளை பெற்றனரோ, அதே லயத்தில் இப்பெண் படுத்திருக்கிறாள். தாதியம்மையார் இரண்டு முறை சென்று அவளைப் பார்த்து வந்திருக்கிறார். வழக்கறிஞர் ஒருவர் வழி சொல்வதாக ஏற்றிருக்கிறார். கட்டணத்துக்காகத் தோட்டத்திலும் அருகிலுள்ள பட்டணத்திலும் பணம் திரட்டுகிறோம், பாதிதான் சேர்ந்திருக்கிறது. பிரசவத்துக்கு இன்னும் ஐந்து வாரம் உண்டு.